கூப்பிட்டது யாரை?

தமிழில் சொற்பஞ்சம் உண்டென்று சொல்லுகிறவர்களோடு நாம் ஒருபோதும் உடன்பட்டதில்லை. யானை ஒன்றுக்கே எத்தனை பெயர் என்று நிகண்டைப் புரட்டிப் பார்த்தால் தலை சுற்றும். களிறு, வேழம், கரி, கைம்மா, பிடி என்று வந்துகொண்டே இருக்கும். எங்கோ காட்டில் திரிகிற பிராணிக்கு இத்தனை பெயர் சூட்டி மகிழ்ந்த தமிழன், தன் வீட்டிலே, தன் கண்ணெதிரே, தனக்கு வேளை தவறாமல் சோறு போடுகிற ஒருத்தியைக் கூப்பிட மட்டும் ஒரு பெயர் அகப்படாமல் திண்டாடுகிறான். "ஏய்!" என்கிறான். "இந்தா!" என்கிறான். "யாரது உள்ளே?" என்கிறான், உள்ளே வேறு யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே கேட்கிறான். ஒன்றும் பலிக்கவில்லையென்றால் தொண்டையைக் கனைக்கிறான். அந்தக் கனைப்பிலும் காபிக்கு ஒன்று, குடையைக் காணோம் என்பதற்கு ஒன்று, வந்த விருந்தாளி இன்னும் போகவில்லை என்பதற்கு ஒன்று என்று பேதங்கள் உண்டு. உள்ளே இருப்பவள் அவற்றையெல்லாம் பிழையின்றிப் பொருள் உணர்ந்து நடக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பட்டம் கொடுப்பதாகத் தெரியவில்லை.

அம்மையார் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? "என்னங்க" என்பார் ஒருவர். கொங்கு நாட்டிலே "ஏனுங்க" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் "இஞ்சாருங்கோ" என்பது வழக்கு. அக்கிரகாரத்தில் "ஏன்னா" என்ற சப்தம் கேட்கும். மாமன் மகனையோ அத்தை மகனையோ மணந்தவர்களுக்கு "அத்தான்", "மாமா", "மச்சான்" என்று பிறந்தது முதலே கையிருப்பில் ஒரு சொல் இருக்கும், அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

நாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறவர். ஆகவே இந்த விஷயத்தை இலக்கணக் கண்ணோடு பார்க்கும்படி ஆயிற்று. "என்னங்க", "ஏனுங்க" என்பவை வினா. "இந்தா", "இஞ்சாருங்கோ" என்பவை சுட்டு. "ஏய்" என்பது இடைச்சொல். எங்கே தேடினாலும் பெயர்ச்சொல்லை மட்டும் காணோம். ஒருவரைக் கூப்பிடுவதற்கென்றே நம் முன்னோர் எட்டாம் வேற்றுமை என்று ஒன்று வைத்தார்கள். அதற்கு விளி வேற்றுமை என்று பெயர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஒரு தனி இயலே அதற்காக எழுதியிருக்கிறார். எந்த ஈற்றுப் பெயரை எப்படி நீட்ட வேண்டும், எதைக் குறுக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. இவ்வளவையும் படித்து மதிப்பெண் வாங்கிக் கல்யாணமும் செய்துகொண்ட தமிழன், மற்ற ஏழு வேற்றுமைகளை மட்டும் வைத்துக்கொண்டே இல்லறத்தை நடத்தி முடித்துவிடுகிறான்!

குழந்தை பிறந்த பிறகு நிலைமை கொஞ்சம் சீர்ப்படும். தூது போக ஆள் கிடைத்துவிடுகிறதல்லவா? "பாப்பா, அப்பாவுக்குக் காபி ஆறுகிறது என்று சொல்" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். நாம் கூப்பிடு தூரத்தில் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்போம். "அம்மாவை, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லச் சொன்னேன் என்று சொல்" என்று நாம் பதில் சொல்லுவோம். குழந்தை இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பொம்மையோடு போய்விடும். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். எங்களுக்குக் கல்யாணமான முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை இல்லை. அப்போது இந்தப் பணியை வீட்டுக்காரருடைய பூனை செய்துவந்தது. "இந்த மனுஷருக்கு ராத்திரி சாப்பாடு வேண்டுமா வேண்டாமா தெரியவில்லையே, பூனையாரே!" என்று அதனிடந்தான் விசாரணை நடக்கும். அது மிகவும் நம்பகமான பூனை. கேட்டதை வெளியே சொன்னதில்லை.

பிறகு பெற்றோரின் பெயர்களே மறைந்து, "கண்ணன் அம்மா", "பாப்பா அப்பா" என்று ஆகிவிடுகிறோம். இது தமிழ் நாட்டில் மட்டும் உள்ள விநோதம் என்று எண்ண வேண்டாம். உலகத்தில் பல ஜாதியாரிடமும் இந்த வழக்கம் இருப்பதைக் கண்டு, எட்வர்டு டைலர் என்னும் ஆங்கில மானிடவியல் அறிஞர் 1889-ஆம் ஆண்டில் இதற்கு "டெக்னானிமி" என்று ஒரு பெயரே சூட்டினார். பெயர் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு பெயர் வைத்தாரே, அவரல்லவா அறிஞர்!

கைபேசி வந்த பிறகாவது ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரைப் பதிந்தே தீர வேண்டுமே என்று கேட்கலாம். நம்மோடு வேலை பார்க்கும் கணித ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் தம் கைபேசியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். ஓட்டுநர் நல்ல மனிதர். கடைசியாகப் பேசிய எண்ணைப் பார்த்தார். "வீடு" என்று இருந்தது. அழுத்தினார்.

"ஹலோ, வீடுங்களா?"

"ஆமாம், வீடுதான் பேசுகிறேன்" என்றார் அந்த அம்மையார், சற்றும் தயங்காமல்.

கைபேசி பத்திரமாக வந்து சேர்ந்தது. "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று பிறர் கேட்டால் கணக்கெடுக்கலாம். "வீட்டில் சௌக்கியமா?" என்று கேட்டால் அது ஒரே ஒருத்தியைப் பற்றியது என்று தமிழர் அனைவரும் அறிவோம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து வீடாவதாகக் கொத்தனார் நினைத்துக்கொண்டிருக்கிறார். நம்முடைய மொழி அப்படி நினைக்கவில்லை. இதில் ஒரு பெருமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, பெயர் கிடையாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

நம் பாட்டியார் காலத்தில் இந்த விரதம் இன்னும் கடுமையானது. கணவன் பெயரை மனைவி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்பினார்கள். நம் பாட்டனார் பெயர் "முரு" என்று தொடங்கும். ஆகவே பாட்டியார் முருங்கைக்காயைக்கூட முழுப் பெயரிட்டு அழைத்ததில்லை, "நீட்டுக்காய்" என்பார். அந்தக் காயின் பெயரைச் சொன்னால் பாட்டனாருக்கு ஆகாது. காயைச் சாம்பாரில் போட்டால் மட்டும் அவருக்கு மிகவும் ஆகும்!

கணவன் பெயர் ஆறுமுகம் என்றால் ரேஷன் அலுவலகத்தில் ஒரு நாடகமே நடக்கும். அந்த அம்மாள் முதலில் ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டுவாள். பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டுவாள். குமாஸ்தா புத்திசாலி. "சண்முகமா?" என்பார். "அதே சாமிதானுங்க, ஆனால் அந்தப் பேர் இல்லை" என்று அம்மாள் மறுபடியும் விரலை நீட்டுவாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் "கந்தசாமி", "வேலாயுதம்", "பழனி" என்று ஆளுக்கொரு படைவீட்டுக்கு யாத்திரை போய்த் திரும்பிய பிறகுதான் பெயர் விளங்கும். அன்று அந்த அலுவலகத்தில் முருகனுக்கு அர்ச்சனை நடந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஜூலு, கோசா இனத்துப் பெண்கள் கல்யாணமான பிறகு மாமனார் பெயரில் உள்ள அசை எந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையே விலக்கி, வேறு சொல் கொண்டு பேசுவது மரபு. "ஹ்லொனிபா" என்று அதைச் சொல்லுகிறார்கள். நம் பாட்டியாரும் அவர்களும் சந்தித்திருந்தால் பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். மராட்டியர் கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். கல்யாணம் முதலிய விசேஷங்களில் பெண்கள் கணவன் பெயரை ஒரு சிறு பாட்டுக்குள் எதுகை மோனையோடு பொதிந்து எல்லார் எதிரிலும் சொல்லிவிட வேண்டும். அதற்கு "உகாணா" என்று பெயர். பாட்டாகச் சொன்னால் தோஷமில்லை போலும்!

இதெல்லாம் வேடிக்கைதானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாமும் வெகுகாலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் தேச சரித்திரத்தில் ஒரு சமயம் இந்த வேடிக்கைக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது. வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. பல நாடுகளில் பெண்கள் பல்லாண்டு போராடிப் பெற்ற உரிமை இங்கே முதற் தேர்தலிலேயே அனைவருக்கும் கிடைத்தது. வாக்காளர் ஜாபிதா தயாரிக்க ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். "அம்மா, தங்கள் பெயர்?" என்று கேட்டார்கள். "இன்னாருடைய சம்சாரம்" என்று பதில் வந்தது. "இன்னாருடைய தாயார்" என்று வந்தது. சொந்தப் பெயர் மட்டும் வரவில்லை. அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். பெயரில்லாதவரை வாக்காளராகச் சேர்க்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் பெரும்பான்மையோர். அந்த 28 லட்சம் பேரும் உயிரோடு இருந்தார்கள். சமைத்தார்கள், உழுதார்கள், குழந்தை வளர்த்தார்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லாத ஒரே காரணத்தால் அந்தத் தேர்தலில் அவர்கள் இல்லாதவர்களாகப் போனார்கள்.

இதற்கு எதிர்ப்புறமாக ஒரு சம்பவமும் நம் தமிழ் எழுத்துலகில் உண்டு. ரங்கராஜன் என்று ஒரு பொறியாளர் கதை எழுதத் தொடங்கினார். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பிரபல எழுத்தாளர் இருந்தபடியால் குழப்பம் வேண்டாமென்று தம் மனைவியாரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அவர்தாம் சுஜாதா (1935-2008). இல்லத்தரசியின் பெயரை இத்தனை லட்சம் வாசகர்கள் வாயால் சொல்லவைத்த கணவர் தமிழ் நாட்டில் வேறொருவர் இருப்பாரோ, சந்தேகந்தான். அவரே பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டார். பெயரில்லாததால் 28 லட்சம் பெண்கள் வாக்கிழந்த நாட்டில், மனைவியின் பெயரைத் தாங்கிய ஒருவர் வாக்குப் பெட்டிக்குப் புது உருவம் கொடுத்தது ஒரு பொருத்தந்தான்.

அது நிற்க. நமது உத்தியோகத்துக்கு வருவோம். தினந்தோறும் காலையில் நாம் செய்கிற முதற் காரியம் வருகைப் பதிவேட்டைத் திறந்து 42 பெயர்களை உரக்கப் படிப்பது. ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் எழும். இருபது வருஷமாக இதைச் செய்துவருகிறோம். இதிலே ஒரு ரகசியம் கண்டிருக்கிறோம். கடைசி வரிசையில் தூங்கி வழிகிற பையனாயிருந்தாலும் அவன் பெயரைப் படிக்கிற அந்த ஒரு கணம் முதுகு நிமிர்ந்துவிடும். "நீ வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்" என்று இன்னொரு மனிதர் அவனிடம் சொல்லுகிறார் அல்லவா? பெயர் என்பது அவ்வளவுதான். ஆனால் அது சிறிய விஷயமல்ல.

பெற்றோர் கூட்டத்தன்று இந்தப் பிள்ளைகளின் தாய்மார் வருவார்கள். "நான் கவிதாவோட அம்மா", "நான் செந்தில் அம்மா" என்று அறிமுகம் செய்துகொள்வார்கள். "தங்கள் பெயர் என்னம்மா? பதிவேட்டில் எழுத வேண்டும்" என்று நாம் கேட்டால் ஒரு சிறு தயக்கம் தோன்றும். பிறகு ஒரு சிரிப்பு. அடுக்குப் பானைக்குள் அடியில் போட்டு வைத்த நகையை எடுப்பது போல மெல்ல அந்தப் பெயரை எடுத்து வெளியே வைப்பார்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது முன்னெழுத்தில் ஒரு தகராறு வரும். "கல்யாணத்துக்கு முன்னால் எம், இப்போது ஆர். பாங்கியில் எம்தான் இருக்கிறது, ஆதாரில் ஆர்." ஆண்பிள்ளைக்குத் தகப்பனார் கொடுத்த எழுத்து சுடுகாடு மட்டும் கூட வருகிறது. பெண்பிள்ளைக்கு மட்டும் பாதி வழியில் வண்டி மாறுகிறது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நாள் நம் இல்லாளுடைய கண்ணைப் பரிசோதிக்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நீண்ட பெஞ்சியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் பெண் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். ஒருவரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நம் இல்லாள் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "பாருங்களேன், கூப்பிடுவது காதில் விழாமல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் நம் முறை எப்போது வரும்?" என்று அலுத்துக்கொண்டாள்.

நமக்குப் பதிவேடு படிக்கிற பழக்கம் உண்டல்லவா? "போய் வா, நீதான் அது" என்றோம்.

கண்ணில் கோளாறு ஒன்றும் பெரிதாக இல்லை, எழுத்துப் படிக்க ஒரு கண்ணாடி போதும் என்று சொல்லியனுப்பினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நாம் இதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. அதனால்தான் பழக்கம் விட்டுப்போய்விட்டது."

நம் மாமனார் அதற்கு முந்தின ஆண்டு காலமானார். மாமியார் அவருக்கு முன்பே போய்விட்டார். மாமனார் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். எடுத்தவுடன் பெண்ணின் பெயரைத்தான் சொல்லுவார். அதுவும் கடைசி எழுத்தை நன்றாக நீட்டி, தொல்காப்பிய விதி தவறாமல் சொல்லுவார். பிறகு மழை பெய்ததா, குழந்தைகள் படிக்கிறார்களா என்று இரண்டு கேள்வி. அவ்வளவுதான். அந்தப் பெயரை அப்படிச் சொல்ல உலகத்தில் இருந்தவர் அவர் ஒருவரே என்பது அவர் போன பிறகுதான் தெரிகிறது. மற்றவர்களுக்கெல்லாம் அவள் வேறு யாரோ. தம்பிக்கு அக்கா, ஓர்ப்படிக்கு அக்கா, நாத்தனாருக்கு அண்ணி, அவர்கள் பிள்ளைகளுக்குப் பெரியம்மா, அத்தை, எரிவாயு உருளை கொண்டுவருகிறவருக்கு "அம்மா, சிலிண்டர்!" எல்லாம் அன்பான சொற்கள், ஒன்றையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அத்தனையும் சேர்ந்து ஒரு பெயரின் மேல் விரித்த ஜமக்காளம் போல் ஆகிவிட்டன. அடியில் ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பஸ்ஸில் நாம் ஒன்றும் பேசவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கும் பதில் தெரியாத வாக்கியங்கள் சில உண்டு. ஆனால் உபாத்தியாயர் எத்தனை நேரம் பேசாமல் இருக்க முடியும்? இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்தோம்.

"இதோ பார், இதில் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. அகப்பாட்டில் தலைவன் என்பார்கள், தலைவி என்பார்கள். பெயர் மட்டும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதித்திருக்கிறார். பெயர் சொன்னால் அது அகம் அல்ல, புறம். நெடுநல்வாடையைப் பார். கணவனைப் பிரிந்த அரசியின் துயரத்தை அத்தனை அழகாகப் பாடியும், பாண்டியனுடைய அடையாளமாகிய வேப்பம்பூ உள்ளே வந்துவிட்டபடியால் அது புறந்தான் என்று உரையாசிரியர் சொல்லிவிட்டார். பெயர் கூட அல்ல, ஒரு பூ! குறுந்தொகையில் ஒரு பாட்டு. எழுதினவர் பெயரும் தெரியவில்லை. செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவர் என்று பொருள்பட அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிடாதது இரண்டாயிரம் வருஷத்து மரபு. நெருக்கத்துக்கு அடையாளம்."

இல்லாள் பொறுமையாகக் கேட்டாள். கையில் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "தொல்காப்பியர் வீட்டு அம்மாளையும் கேட்டுக்கொண்டுதான் எழுதினாரா?" என்றாள்.

"அந்த விவரம் நூலில் இல்லை" என்றோம்.

"இருக்கட்டும். அந்தப் பாட்டில் தலைவன் பெயர் உண்டா?"

"இல்லை. இருவர் பெயருமே கிடையாது."

"அதுதான் நியாயம்" என்றாள். "நம் வீட்டு வாசலில் என்ன எழுதியிருக்கிறது?"

நம் வீட்டு வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் நம் பெயரும், பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களும், இருட்டிலும் தெரியும்படியாக எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நம்மைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். சம்பளப் பட்டியலில் மாதந்தோறும் பெயர் வருகிறது. கூட்டங்களில் வரவேற்புரையில் சொல்லுகிறார்கள். சந்தையில் பழைய மாணவன் ஒருவன் நம் பெயரைச் சொல்லித் தன் மனைவிக்கு அறிமுகம் செய்துவைக்கிறான். வீட்டில் ஒருத்தி "என்னங்க" என்று அழைப்பதனால் நமக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. வெளியிலே நூறு பேர் சொல்லுகிற பெயருக்கு வீட்டிலே ஓய்வு கொடுப்பது இன்பந்தான். வீட்டை விட்டால் வேறிடம் இல்லாத பெயருக்கு வீட்டிலும் ஓய்வு என்றால், அது ஓய்வு அல்ல. இரண்டு மௌனங்களும் ஒன்று போலத் தோன்றுகின்றன, ஒன்றல்ல. இலக்கணம் படித்த நமக்கு இல்லாத நுட்பம் வெற்றிலை துடைத்தவளுக்கு இருந்தது.

அவள் அத்தோடும் விடவில்லை. "2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வீட்டில் உள்ள மூத்த பெண்தான் குடும்ப அட்டைக்குத் தலைவி என்று போட்டிருக்கிறதாமே? அங்கேயும் தலைவி என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கிறது" என்றாள். தொல்காப்பியரும் பாராளுமன்றமும் நம் வீட்டுக் கூடத்தில் இப்படி மோதிக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் காலத்து இளந்தம்பதிகளுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நம் உறவில் ஒரு பெண்ணுக்குச் சமீபத்தில் கல்யாணம் ஆயிற்று. மறுவீட்டு விருந்தன்று, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கணவனைக் கேட்கும்போது பந்தியில் எல்லார் எதிரிலும் அவன் பெயரைப் பளிச்சென்று சொன்னாள். எதிரே இருந்த கிழவியார் ஒருவர், ஆயுள் எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்கிறவர் போல மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டாந்தரம் பாயசம் கேட்டான். கிழவியார் சமாதானம் அடைந்தார். அவர்கள் வீட்டில் "டா" என்பதும் "டீ" என்பதும் சமமாகப் பரிமாறப்படுவதாகக் கேள்வி. எதற்கும் ஈடாக ஒன்று இருக்கிறதல்லவா? நமக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நம்மைப் போன்ற நடுவயதினர் என்ன செய்வது? பழகிய நாக்கை ஒரே நாளில் திருப்ப முடியாது. திருப்பவும் வேண்டியதில்லை என்பது இல்லாளின் அபிப்பிராயம். "நாளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே கூச்சமாயிருக்கும், யாரோ கடன்காரன் வாசலில் நிற்கிறதாகத் தோன்றும். கனைப்பே இருக்கட்டும், அதற்கெல்லாம் எனக்கு அர்த்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தரம் போதும்" என்றாள். நேயர்களுக்கும் இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்கிறோம். செலவு ஒன்றும் கிடையாது. ஆயுளும் குறைவதாகத் தெரியவில்லை. முதல் தடவை கூப்பிடும்போது, "என்ன, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று அம்மையார் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டாம். இரண்டாந்தரம் பழகிவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு அந்தப் பெயரை ஏன் இங்கே எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதத்தான் எண்ணினோம். "பத்திரிகையிலே போட்டுவிடாதீர்கள். ஊரெல்லாம் கூப்பிட வேண்டாம், நீங்கள் கூப்பிட்டால் போதும்" என்று தடை உத்தரவு வந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை கடைசி வரைக்கும் அகத்திணையிலேயே நிற்கிறது.

சென்ற ஞாயிறன்று காலை மணி எட்டு அடித்தது. கூடத்தில் இருந்தபடியே அந்தப் பெயரைக் கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிட்டோம். எத்தனை ஜாக்கிரதையாகச் சொன்னாலும் இருபது வருஷத்துப் பள்ளிக்கூடத் தொனி எங்கே போகும்? சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு கணீரென்று பதில் வந்தது:

"உள்ளேன் ஐயா!"